இரண்டும் ஒரே மாத்திரை அல்ல

"பிரஷருக்கு ஆயுசுக்கும் மாத்திரை போடுகிறோம், தூக்கத்துக்குப் போட்டால் என்ன?" என்று கேட்கிறீர்கள். ஆனால் தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம் வகை மாத்திரைகளுக்கு மூளை பழகிவிடும். பலருக்கு அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இந்த வகைக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியதற்கு இந்த அடிமைத்தனமும் ஒரு காரணம்.

"நிறுத்தினேன், பொட்டுத் தூக்கம் இல்லை, அப்படியானால் மருந்து தேவைதானே" என்கிறீர்கள். அது சட்டென்று நிறுத்தியதால் வந்த வினையாகவும் இருக்கலாம். வலிப்புகூட வரலாம், விளையாடாதீர்கள்! என் அம்மா மருத்துவர் சொற்படி, பிளேடால் கால் காலாக நறுக்கி, 7 மாதத்தில் விட்டார். அந்த நாட்களில் இரவு 12 மணிக்கு முன் படுக்கை கிடையாது. விழிப்பு வந்தால் கூடத்து நாற்காலி. விடிகாலை 5.30-க்கு எழுந்தே ஆக வேண்டும். முதல் மூன்று வாரம் அழுதார். இப்போது 10.30-க்கே, கையில் பிடித்த விசிறியோடு, தானாகக் கண்ணயர்கிறார்.