ஓட்டை லேப்டாப்பும் ஓர் இரண்டாவது சனிக்கிழமையும்

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் ஒரு சண்டை. பழைய லேப்டாப்பைக் கழட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் எல்லாம் வேலைவெட்டி இல்லாதவன் என்றார் பக்கத்து சீட் பஞ்சாபி நண்பர். என்னைத்தான் சொல்கிறார் என்று என் மரமண்டைக்கு உறைக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. "உன் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பார். நீ செலவழித்த நேரத்துக்குப் புதுசே வாங்கிவிடலாம்" என்றார்.

நானும் பி.காம். தான் ஐயா. இந்தக் கணக்கு எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டே! அந்த நேரத்தில் வேறு எங்காவது சம்பாதித்திருக்க வேண்டும். வங்கி அதிகாரிக்கு ஓவர்டைம் ஏது? இரண்டாவது சனிக்கிழமை லீவில் நான் சோபாவில் மல்லாந்து வாட்ஸப் ஃபார்வர்டு படித்திருப்பேன். அதற்கு எவன் மணிக்கணக்கில் படியளக்கிறான்?

எங்கள் புத்தகத்தில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 33.33 சதவீதம் தேய்மானம். மூணே வருஷத்தில் மதிப்பு காலி. பேலன்ஸ் ஷீட்டில் செத்ததெல்லாம் மேஜை மேலும் செத்துவிட்டது என்று நம்புவதுதான் நம்ம ஆட்களின் வியாதி. (எனக்கும் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.)

என்னுடையது 2012-இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம். ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டு வரலாம். குற்றவாளி பிராசஸர் இல்லை, உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க். நேரு பிளேஸில் ஒரு எஸ்எஸ்டி, பழைய டிடிஆர்3 ராம் ஒன்று வாங்கினேன். பின்மூடியைக் கழட்டி, ஃபேனில் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருந்த தூசியை எடுத்து, தெர்மல் பேஸ்ட் புதுசாகத் தடவி... ஒரு பகல் போச்சு. இப்போது அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. நன்றாக ஓடும் இயந்திரத்தை ஒரு பட்டியல் போட்டுக் குப்பையாக்குகிறார்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் நெட் பேங்கிங் செய்யாதீர்கள் என்று கவுண்டரில் நானே சொல்கிறவன். அதனால் லினக்ஸ் மின்ட் போட்டேன்.

எல்லாப் பழசையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. 2004 வாக்கில் வாங்கிய பெண்டியம் 4 டெஸ்க்டாப்போடு மூணு ஞாயிறு மல்லுக்கட்டினேன். ஐடிஇ டிஸ்க், கிடைக்காத ராம், ஹீட்டர் மாதிரி சூடு. அது சுத்த வெட்டிவேலை. நண்பர் அதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

சரி, லேப்டாப் யாருக்கு? எங்கள் குடியிருப்புக் காவலாளியின் மகள் தபாலில் பி.காம். படிக்கிறாள். கணக்கு வேலைக்குப் போனால் முதல் கேள்வியே எக்ஸல் தெரியுமா என்பதுதான். அந்தப் பெண் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இப்போது லிப்ரே ஆபீஸில் கூட்டல் ஃபார்முலா போடுகிறாள், சந்தேகம் வந்தால் லிஃப்ட் பக்கத்தில் என்னை மடக்குகிறாள். புது லேப்டாப்பை நண்பர் வாங்கித் தருவாரா, கேட்டுச் சொல்லுங்கள்.

'ஈ' விசை மட்டும் சிக்குகிறதாம். அடுத்த இரண்டாவது சனிக்கிழமை மறுபடி நேரு பிளேஸ். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், கடைகள் மூடியிருக்கும்.