நுனி வெடித்தால் கத்தரிதான்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில் முட்டை, தயிர், வெந்தயம் எல்லாம் மகளின் தலையில். முடி நுனி வெடிக்கிறதாம். கேட்டால் 'இயற்கை வைத்தியம்' என்று பதில்.

அட சாமி! தலைக்கு வெளியே நீளும் முடி செத்த கெரட்டின். வெடித்த நுனியை எந்த மூலிகையும் திரும்ப ஒட்டாது. அது வாராக்கடன். தள்ளுபடி செய்யாவிட்டால் வெடிப்பு மேலே ஏறும், வட்டி மாதிரி.

தேங்காய் எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். குளிக்குமுன் தேய்த்தால் முடியின் புரத இழப்பு குறைகிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ கம்பெனிக்காரர்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள். அதுவும் வருமுன் காப்பதுதான்.

இரண்டு அங்குலம் வெட்டச் சொன்னேன். மூன்று நாளாக வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, முட்டையாவது மிச்சம்.