பியானோச் சுருள்: துளையிடும் இயந்திரம் ஓயக் கூடாது

2008 டிசம்பர் 31. அமெரிக்காவின் பஃபலோ நகரில் கியூஆர்எஸ் நிறுவனம், தானியங்கிப் பியானோவை இசைக்க வைக்கும் துளையிட்ட காகிதமான பியானோச் சுருளின் தயாரிப்பை நிறுத்தியது. 1900இல் தொடங்கி, 1920களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடிச் சுருள்கள் விற்ற நிறுவனம் அது. கடைசிச் சுருளின் பட்டியல் எண் 11,060. பின்னர் சிறிய அளவில் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது என்பது ஆறுதல். ஆனால், பெரிய ஆலை ஒன்றை நம்பி இந்தத் தொழில் இனி இருக்க முடியாது.

காஞ்சிபுரத்துத் தறியில் எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளை முடிவுசெய்கிறது. தானியங்கிப் பியானோவில் எந்தக் கட்டை ஒலிக்க வேண்டும் என்பதைக் காகிதத்தின் துளை முடிவுசெய்கிறது. மிதிக்க மிதிக்கத் துருத்தி காற்றை உறிஞ்சும். துளைகள் வரிசையாக உள்ள ஒரு பட்டையின்மேல் காகிதம் நகரும். துளையோடு துளை சேரும் இடத்தில் காற்று புகுந்து வால்வைத் திறக்க, அந்தக் கட்டைக்குரிய சிறு துருத்தி சுருங்கி, சுத்தியல் கம்பியைத் தட்டும். இவ்வளவும் காகிதத்தை நம்பித்தான். அதுவோ ஓரம் கிழிகிறது, நாள்பட நொறுங்குகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பழைய சுருள்களைப் படமெடுத்துக் கணினியில் சேர்த்துவருகிறது. பெரும்பணி அது. ஆனால், கணினியில் உள்ள கோப்பு துருத்திக்குப் புரியாது. வீட்டுக் கூடத்தில் நிற்கும் பழைய பியானோ பாட வேண்டுமானால், யாராவது மறுபடியும் காகிதத்தில் துளையிட்டாக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 1908இல் இதே பஃபலோவில் கூடிய தயாரிப்பாளர்கள், 88 கட்டைகளுக்கு அங்குலத்துக்கு 9 துளை என்று பொது அளவை ஒப்புக்கொண்டார்கள். இன்று வெட்டும் சுருள் நூறாண்டுப் பியானோவிலும் ஓடுவது அந்த உடன்பாட்டால்தான். பல தாள்களை அடுக்கி ஒரே நேரத்தில் துளையிடலாம் என்பதால், வாங்குவோர் கூடக் கூடச் செலவு குறையும். ஆர்வலர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து, சேர்ந்த எண்ணிக்கைக்கு மட்டும் பழைய சுருளை மீண்டும் வெட்டி ‘மறுவெட்டு’ எடுக்கிறார்கள். கிட்டங்கியில் சரக்கு தேங்காது. சுருங்கிய சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

பழைய பாட்டை மட்டுமே வெட்டிக்கொண்டிருந்தால், வாங்குகிறவர்களோடு தொழிலும் முதுமையடையும். ஜே. லாரன்ஸ் குக் என்ற கறுப்பினக் கலைஞர் கியூஆர்எஸ்ஸில் பல பத்தாண்டுகள் இருந்து, ஆயிரக்கணக்கான சுருள்களுக்கு இசை அமைத்தார். அவ்வப்போதைய புதுப் பாட்டுகளைச் சுருளுக்கேற்ப மாற்றியவர்களில் அவர் முதன்மையானவர். சுருளுக்குப் பத்து விரல் என்ற வரம்பு கிடையாது. மெக்சிகோ நகரில் இசையமைப்பாளர் கான்லன் நான்காரோ தன் கையால் துளையிட்டு, மனிதரால் வாசிக்கவே முடியாத இசையை இந்தக் கருவிக்கென்றே எழுதினார். அந்த வாய்ப்பு இன்றைய இசையமைப்பாளர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

மூலச் சுருள்களைக் கையில் வைத்திருப்பவர்கள், நியாயமான கட்டணம் பெற்றுக்கொண்டு சிறு தயாரிப்பாளர்களுக்கு மறுவெட்டு உரிமை தரட்டும். துளையூசியைத் தீட்டவும் தாளை இழுவிசை மாறாமல் ஓட்டவும் தெரிந்த கைகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவர்கள் பக்கத்தில் இப்போதே ஓர் இளைஞர் நின்று பழக வேண்டும்.