காது கெட்டதா, கருவி கெட்டதா?



போன மாதம் என் இடது காது போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, நம் பக்கத்துத் திருவீழிமிழலை சகோதரர்களின் நாகஸ்வரத்தை ஹெட்ஃபோனில் கேட்பது என் வழக்கம். பழைய ஒலிப்பதிவு, இரண்டு காதிலும் ஒரே அளவு கேட்க வேண்டும். இடப்பக்கம் மங்கலாகவே கேட்டது. வயதாகிவிட்டது, வேறென்ன நினைப்பது?

டாக்டரிடம் கிளம்புமுன் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தேன். இப்போது வலது காது மங்கல்! அதையே செல்ஃபோனில் செருகினால் இரண்டும் சமம். குற்றம் மேசைமேல் இருந்த புது ஆம்ப்ளிஃபயரில்.

காரணம் எளிய கணக்கு. என் ஹெட்ஃபோன் 32 ஓம். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும். அதற்கு 0.18 வோல்ட் போதும். சி.டி. பிளேயரே 2 வோல்ட் தருகிறது. அதைப் பத்து மடங்காக்கும்படி அந்தப் பெட்டியை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் ஒலிக் குமிழை ஆரம்பத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. இடது, வலது இரண்டுக்கும் உள்ளே இருக்கும் மின்தடைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத இடமும் அதுதான்.

"பெருக்காவிட்டால் ஆம்ப்ளிஃபயர் எதற்கு சார்?" என்பீர்கள். 1 வோல்ட் கொடுத்தால் 300 ஓம் ஹெட்ஃபோன் 3.3 மில்லி ஆம்பியர் இழுக்கும். 32 ஓம் 31 மில்லி ஆம்பியர் இழுக்கும். டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? வாய்க்காலில் மட்டம் குறைவாக இருக்கும்போது வயலுக்கு நிறையத் தண்ணீர் பாய, மதகு அகலமாக இருக்க வேண்டும். மின்னழுத்தத்தை ஏற்றுவதைவிட, மின்னோட்டத்தைத் தாராளமாகத் தருவதே இங்கே ஆம்ப்ளிஃபயரின் வேலை.

அந்த மதகுதான் வெளியீட்டு மின்மறுப்பு. ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. 32 ஓமுக்கு 4 ஓம். சில கருவிகளில் 120 ஓம் வைத்துவிடுகிறார்கள். 32 ஓம் ஹெட்ஃபோன் அடித்தொனியில் 60 ஓமாக ஏறினால், அந்தப் பகுதி மட்டும் 4 டெசிபல் கூடிவிடும். தவில் தவிலாகக் கேட்காது.

நம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்து, பக்கத்துக்கு ஒரு மின்தடையை மாற்றி, பெருக்கத்தை 10-லிருந்து 1-க்கு இறக்கினான். கரண்ட் போய்வரும்போது காதில் 'டொப்' என்று அடிக்காமலிருக்க, சில விநாடி தாமதித்து இணைக்கும் ரிலே ஒன்றும் வைத்தான். இப்போது குமிழ் நடுவில் நிற்கிறது. இரண்டு காதும் சமம்.

உச்ச ஒலிகளுக்குச் சக்தி கைவசம் வேண்டும் என்று வாதிடலாம். 105 டெசிபலுக்கும் சுமார் 3 மில்லிவாட்தான் ஆகிறது! வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்க 80 டெசிபல்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 என்றால் 4 மணி நேரம்தான். தேவைக்குமேல் பெருக்கம் வைத்த பெட்டியில் பேரப்பிள்ளையின் விரல் கொஞ்சம் வழுக்கினால் போதும்.

மின்னணுத் துறையில் இருக்கும் பிள்ளைகளே, வடிவமைப்பைக் காதிலிருந்து தொடங்குங்கள். எத்தனை வாட் என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பது அப்புறம். பத்தாம் வகுப்பில் நாம் போட்ட ஓம் விதிக் கணக்கு இதற்குப் போதும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்