பூங்காவில் முகக்கவசம், வேனில் மூடிய யன்னல்

ஒரு வாரமாக எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் ஒரே சர்ச்சை. பாடசாலை விடுமுறை கிடைத்துவிட்டது, பிள்ளைகள் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். போவதா, வேண்டாமா? ஒருவர் ஒமிக்ரோன் பற்றி யாரோ பேசிய குரல் பதிவை அனுப்புகிறார். இன்னொருவர் கிரகரி வாவியில் படகுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தின் படத்தைப் போட்டு "நம்ம சனத்துக்கு எப்பதான் புத்தி வருமோ" என்று எழுதுகிறார். கொள்ளைநோய் பற்றிய ஹதீஸை இரு தரப்பும் மாறி மாறி எடுத்துப் போட்டாயிற்று. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, முஸ்லிம் ஊர்களில் 2021 டிசம்பர் இறுதியில் நடந்த பொதுவான சண்டைதான் இது.

இதில் நான் சும்மா வேடிக்கை பார்ப்பவன் அல்ல. 2021 ஏப்ரலில் அப்படியொரு ட்ரிப்பை ஏற்பாடு செய்தவனே நான்தான்.

ஏப்ரல் 14ஆம் திகதி நோன்பு ஆரம்பம். அதற்கு முன் 10ஆம் திகதி சனிக்கிழமை போய், ஓரிரவு தங்கி வருவதென்று முடிவு. மாவனெல்லையிலிருந்து ஒரே வேன். பதினைந்து பேர் இருக்கக்கூடிய வேனில் மடியில் பிள்ளைகளோடு பதினேழு பேர். உம்மா, சாச்சா, சாச்சி, நானாவின் குடும்பம், ராத்தாவின் குடும்பம், நாங்கள். கம்பளை தாண்டி புசல்லாவை ஏற்றத்தில் குளிர் பிடித்ததும் யன்னல்களை எல்லாம் இழுத்து மூடினோம். வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், பெரியவர்கள் பாட்டுப் போட்டார்கள். முகக்கவசம் எல்லாருடைய தாடையிலும் தொங்கியது.

விக்டோரியா பூங்கா வாசலில்தான் அதை மூக்குக்கு ஏற்றினோம். அங்கே ஒருவர் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து உஷ்ணம் பார்த்தார். ஒரு கொப்பியில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதச் சொன்னார். எங்களுக்கு முன்னும் பின்னும் வந்த எல்லாரும் அதே பேனையால்தான் எழுதினார்கள். உள்ளே நல்ல காற்று, பரந்த புல்வெளி, ஆளுக்கு ஆள் இடைவெளி. அங்கே ஒழுங்காக முகக்கவசம் அணிந்து படம் எடுத்துக்கொண்டோம். இரவு தங்கிய பங்களாவில் இரண்டு அறைகள், ஒரு மண்டபம். மூடிய மண்டபத்தில் மூன்று சஹன் வைத்து, சஹனுக்கு ஐந்தாறு பேராகக் குந்தியிருந்து பிரியாணி சாப்பிட்டோம். அன்றிரவு முகக்கவசம் யாருடைய ஞாபகத்திலும் இல்லை. சட்டம் பார்க்கிற இடத்தில் கவனமாக இருந்தோம். வைரஸ் பார்க்கிற இடத்தில் இருக்கவில்லை.

ஏப்ரல் 15 அளவில் ராத்தாவின் மூத்த மகனுக்கு இருமல். பிறகு ஒவ்வொருவராகக் காய்ச்சல். ஏப்ரல் கடைசியில் சாச்சாவுக்கு. அவருக்கு வயது அறுபத்து மூன்று, சீனி வருத்தமும் இருந்தது. தடுப்பூசி ஏற்றியிருக்கவில்லை. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால் கொவிஷீல்ட் தட்டுப்பாடாக இருந்த நாட்கள் அவை. பெருநாளைக்குச் சில நாட்களுக்கு முன் சாச்சா வஃபாத்தானார். ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு எங்களில் இருவர்தான் போனோம், நானாவும் நானும். லொறியிலிருந்து இறக்கப்பட்ட பெட்டியைத் தூரத்தில் நின்றுதான் பார்த்தோம். அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்த்தது வைத்தியசாலை வாசலில்.

அவருக்கு எங்கே தொற்றியது என்று என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. வேனிலாக இருக்கலாம், பங்களாவிலாக இருக்கலாம், திரும்பி வந்து எல்லாரும் ஒரு வீட்டில் கூடி நோன்பு திறந்தோமே, அங்கேயாகவும் இருக்கலாம். ஆனால் விக்டோரியா பூங்காவின் புல்வெளியிலோ ஹக்கல பூங்காவின் ரோஜாப் பாத்திகளுக்கு அருகிலோ அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நாடு முழுவதும் நடந்ததும் இதையொத்ததே. ஏப்ரல் நடுப்பகுதியில் இலங்கையின் மொத்த கொவிட் மரணங்கள் அறுநூற்றைச் சுற்றியே இருந்தன. நாளாந்தத் தொற்று இருநூறு அளவில். புதுவருட விடுமுறை முடிந்து மே மாதம் பிறந்தபோது நாளாந்தத் தொற்று இரண்டாயிரத்தை எட்டியது, மே 21 முதல் நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாடு. பிறகு டெல்டா வந்தது. ஓகஸ்ட் இறுதியில் ஒரே நாளில் இருநூறு பேர் வரை மரணித்தார்கள். ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை ஊரடங்கு. 2021 இறுதியில் மொத்த மரணம் கிட்டத்தட்ட 15 ஆயிரம். ஏப்ரலில் பரவியது அல்ஃபா திரிபு என்பதும் அது ஏற்கனவே நாட்டுக்குள் வந்திருந்தது என்பதும் உண்மை. ஆனால் அதற்கு வாகனம் பிடித்துக் கொடுத்தவர்கள் நாங்களும்தான்.

காற்றோட்டம்தான் விஷயம் என்பது அன்றே தெரிந்திருந்தது. ஜப்பானியர்கள் 2020 ஆரம்பத்திலேயே மூடிய இடம், நெரிசல், நெருங்கிய பேச்சு ஆகிய மூன்றையும் தவிர்க்கும்படி மக்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அதே வருடம் ஜூலையில் 239 விஞ்ஞானிகள், இந்நோய் காற்றிலும் மிதந்து பரவுகிறது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் தனது இணையப் பக்கத்தில் அதைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது 2021 ஏப்ரல் 30ஆம் திகதி. எங்கள் வேன் புறப்பட்டு 20 நாட்களுக்குப் பிறகு! நாங்களோ அந்தக் காலம் முழுவதும் கை கழுவும் திரவத்தையும் உஷ்ணமானியையும் நம்பிக்கொண்டிருந்தோம். 2021 இறுதியிலும் உல்லாச இடங்களின் வாசலில் அவை இரண்டும்தான் இருந்தன.

தற்செயலாக அதே ஏப்ரல் 30ஆம் திகதிதான் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. 2020 மார்ச் 14 முதல் பதின்மூன்று மாதங்கள் மூடிக் கிடந்த பூங்கா அது. திறந்தபோதும் கொள்ளளவில் கால்வாசிப் பேருக்கே அனுமதி, அதுவும் முன்பதிவோடு. சீனாவில் வேறு கதை. 2021 ஒக்டோபர் 31ஆம் திகதி மாலை, முதல் நாள் வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் ஷங்ஹாய் டிஸ்னிலேண்டின் கதவுகளை மூடி, உள்ளே இருந்த சுமார் 34 ஆயிரம் பேருக்கும் பரிசோதனை செய்துதான் வெளியே விட்டார்கள். வாணவேடிக்கை ஒரு பக்கம், வெள்ளை அங்கி அணிந்த சுகாதார ஊழியர்கள் ஒரு பக்கம். அத்தனை பேருக்கும் தொற்று இல்லை என்றே முடிவு வந்தது. ஒரு நாளில் எடுத்த பரிசோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாதுதான். ஆனாலும் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் நினைத்தது எங்கள் பதினேழு பேர் வேனைத்தான். அதன் கதவை யாரும் மூடிப் பரிசோதிக்கவில்லை.

ஆகவே "யாருமே போகக்கூடாது" என்று குழுமங்களில் அதட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் சின்ன மகளுக்கு ஏழு வயது. அவள் பாடசாலையை அறிந்ததே பெரும்பாலும் என் தொலைபேசித் திரையில். ஒக்டோபர் இறுதியில்தான் ஆரம்ப வகுப்புகள் திறந்தன. இரண்டு மாதம் வகுப்பில் இருந்துவிட்டு, "வாப்பா, போட்ல ஏறுவோமா" என்று கேட்கிறாள். அவளிடம் வீட்டுக்குள் இரு என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் நான் கலியாண வீட்டு மண்டபத்தில் முந்நூறு பேரோடு சாப்பிடப் போவது என்ன நியாயம்? கிரகரி வாவியில் குதிரை வைத்திருப்பவர், ஸ்ட்ரோபெரி விற்பவர், ரம்பொடையில் தேநீர்க் கடை நடத்துபவர் ஆகியோரின் நிலையையும் யோசிக்க வேண்டும். 2018இல் 23 இலட்சம் வெளிநாட்டவர் வந்த நாடு இது. ஈஸ்டர் தாக்குதலும் கொவிட்டும் சேர்ந்து 2020இல் அதை ஐந்து இலட்சமாக்கிவிட்டன. 2021 இறுதியில் அவர்களுடைய அடுப்பு எரிந்தது உள்ளூர்ப் பயணிகளால். (எரிவாயு சிலிண்டர் கிடைத்தால்தான் அதுவும்.)

எங்கள் சமூகத்தில் இந்த அதட்டலுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. 2020இல் தொற்று வந்த முஸ்லிம் ஊர்களின் பெயர்கள் தொலைக்காட்சியில் எப்படி வாசிக்கப்பட்டன என்பதை நாங்கள் மறக்கவில்லை. 2020 டிசம்பரில், பிறந்து இருபதே நாளான சிசுவின் ஜனாஸா எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஜனாஸாவை எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் மூச்சு முட்டும்வரை வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்தவர்களை எனக்கே தெரியும். அந்த நாட்களில் வாழ்ந்தவர்களுக்கு, அபாயா அணிந்த பெண்கள் கூட்டமாக நிற்கும் ஒரு படம் பேஸ்புக்கில் வந்தாலே வயிறு கலங்குகிறது. யாராவது அதைப் பிடித்துக்கொண்டு "இவர்களால்தான்" என்று தொடங்குவார்களோ என்ற பயம்.

பயம் நியாயமானது. ஆனால் அது எங்களைத் தவறான இடத்தைப் பார்க்க வைக்கிறது. படத்தில் தெரிவது வாவிக்கரை. படத்தில் தெரியாதது வேன். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று கவலைப்பட்டால் வாவிக்கரையில் கவனமாக இருப்போம், வேனில் பாட்டுப் போடுவோம். மஜ்மா நகரில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கப்றுகள் இருக்கின்றன. முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமயத்தவர்களும் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே கிடப்பவர்களில் எத்தனை பேருக்கு, என் சாச்சாவைப் போல, சொந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மடியில் இருந்தே நோயைக் கொடுத்தார்களோ.

எங்கள் பயணங்கள் மற்றவர்களுடையதைப் போன்றவை அல்ல. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் காரில் போவது எங்களுக்கு ட்ரிப்பே அல்ல. மூன்று தலைமுறை, ஒரு வாகனம், ஒரு கூரை, ஒரு தட்டு. இதன் அருமை எனக்குத் தெரியும், நானும் அப்படி வளர்ந்தவன்தான். இன்று இதன் விலையும் தெரியும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 2021 இறுதியில் தடுப்பூசி இருக்கவில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே, இரண்டாவது ஊசி ஏற்றிப் பல மாதமான, பூஸ்டர் போடாத உம்மும்மா இருந்தார். பூஸ்டர் முதியவர்களுக்கு 2021 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஊசி ஏற்றும் இடத்தில் முன்பிருந்த வரிசை அப்போது இருக்கவில்லை. ட்ரிப்புக்கு வேன் பேசுகிறவர்கள் முதலில் வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கொண்டுபோய் அந்த ஊசியைப் போட வேண்டும், அதுவும் புறப்படுகிற அன்று காலையில் அல்ல, இரண்டு கிழமைக்கு முன்னரே.

2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பொது இடங்களுக்குத் தடுப்பூசி அட்டை கட்டாயம் என்று அமைச்சர் சொல்லியிருந்தார். நல்லது, ஆனால் வாசலில் அட்டை பார்ப்பதால் மட்டும் என்ன ஆகும்? பூங்காக்களில் நுழைவுச்சீட்டை நேரம் குறித்துக் கொடுக்கலாம். காலை பத்து மணிக்கே எல்லாரும் வந்து குவிவது குறையும். மூடிய விளையாட்டறைகளில் ஒரு தடவைக்கு இத்தனை பிள்ளைகள் என்று அளவு வைக்கலாம். விடுதிகளின் சாப்பாட்டு மண்டபத்தில் யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லலாம், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பள்ளிவாசல்களுக்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும் ஒரு கேள்வி: மத்ரஸாப் பிள்ளைகளையும் சங்க உறுப்பினர்களையும் பஸ் நிறைய ஏற்றிச் சுற்றுலா கூட்டிப் போகிறீர்களே, அந்த பஸ்ஸில் எத்தனை யன்னல் திறக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா?

இவ்வளவும் எழுதுவது இலேசு என்பதும் தெரியும். 2021 டிசம்பர் 20ஆம் திகதி நள்ளிரவோடு பெற்றோல் 177 ரூபாவாகவும் டீசல் 121 ரூபாவாகவும் ஆனது. பதினேழு பேரை ஒரே வேனில் ஏற்றினால் தலைக்கு வரும் செலவும், அவர்களையே மூன்று வாகனத்தில் பிரித்தால் வரும் செலவும் ஒன்றல்ல. சாதாரணக் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு மாதப் பால்மாக் காசு. எல்லாராலும் முடியாது. முடியாதவர்கள் தூரத்தைக் குறைக்கலாம். மாவனெல்லையிலிருந்து பேராதனைப் பூங்கா ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடம். காலையில் போய் மரநிழலில் பாய் விரித்து, வீட்டுச் சோற்றை ஆளுக்கொரு பார்சலாகச் சாப்பிட்டுவிட்டு அஸருக்கு வீடு திரும்பலாம். இரவு தங்கல் இல்லை, மூடிய மண்டபம் இல்லை. பிள்ளைகளுக்கு வௌவால் கூட்டத்தைக் காட்டினால் நுவரெலியாவைக் கொஞ்சம் மறப்பார்கள்.

எங்கள் வீட்டில் முடிவு இப்படி வந்தது. உம்மாவிடம்தான் கடைசியாகக் கேட்டேன். "புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க மகன், பாவம். ஆனா நான் அந்த வேன்ல ஏற மாட்டேன்" என்றார். சாச்சி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து குசினிக்குப் போய்விட்டார். ஆகவே மூன்று குடும்பமும் ஒன்றாகப் போவதில்லை. அடுத்த கிழமை நானாவின் குடும்பமும் நாங்களும் பேராதனைக்கு மட்டும், மொத்தம் ஒன்பது பேர். ராத்தா வீட்டார் ஜனவரியில் தனியாக. சஹன் இல்லை.

வேன்காரர் அதே ஆள்தான். வழி நெடுக யன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும் என்று சொன்னேன். "ஏசி வேன் சேர், திறந்தா தூசி வருமே" என்றார். தூசி பரவாயில்லை என்றேன்.