குறைய மருந்து போதுமா எண்டு ஆர் கேக்கிறது?

மெலனோமா தோலில் வாற புற்றுநோய். வெள்ளைக்காரருக்குத்தான் கூட வரும். அதுக்குக் கண்டுபிடிக்கிற மருந்து எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கலாம். கேக்க முதல் வீட்டு வெத்திலை வட்டாவை ஒருக்காப் பாருங்க.

இலங்கை ஆண்களுக்கு ஆகக்கூட வாறது வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெத்திலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் எண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே சொல்லிட்டுது. படுவான்கரை வயலிலயும் வாவித் தோணியிலயும் களைப்புக்கு வாயில் அடக்கிறது அதைத்தான்.

ரெண்டு நோயையும் எதிர்க்கிறது எங்கட இரத்தத்தில் ஓடுற ரி கலம். மற்றக் கலங்களின் மேற்பரப்பில் மாறிப்போன புரதத்துண்டைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். துளை போட்டு நொதியத்தை உள்ள விட்டுக் கொல்லும். 1988இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பேர்க் குழு, மெலனோமாக் கட்டிக்குள்ள இருந்த இந்தக் கலங்களை எடுத்துப் பெருக்கித் திருப்பி ஏத்தி, கட்டி சுருங்குறதைக் காட்டினது. அந்த வழியில் வந்த சிகிச்சைக்கு 2024இல் அங்க அனுமதி கிடைச்சது. அப்ப அதின்ர விலை 515,000 டொலராக இருந்தது.

இன்னொரு வழியும் இருக்கு. ரி கலத்தில் பிடி-1 எண்டு ஒரு பிரேக். கட்டி அதை அமத்தித்தான் தப்புது. நிவோலுமாப் எண்ட மருந்து அதைத் தடுக்கும். 2014இல் மெலனோமாவுக்கு வந்த மருந்து, 2016இல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கும் வந்தது. வழமையான அளவு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா 240 மில்லிகிராம். அதுவும் எங்களுக்கு எட்டாத விலைதான்.

மும்பை டாடா நினைவு வைத்தியசாலை வைத்தியர்கள் மூண்டு கிழமைக்கு ஒருக்கா வெறும் 20 மில்லிகிராம் குடுத்துப் பார்த்தாங்க. நோய் முற்றிய 151 பேர். மாத்திரை மட்டும் எடுத்தவங்களில் ஒரு வருசம் தாண்டினது 16 சதவீதம். இந்த மருந்தும் சேர்ந்தவங்களில் 43 சதவீதம்.

இது ஒரு வைத்தியசாலையின் ஆய்வு, முழு அளவோட ஒப்பிடவும் இல்லை. ஆனால் குறைய மருந்து போதுமா எண்ட கேள்வியை விக்கிறவன் கேக்கமாட்டான். வாங்க வழியில்லாதவங்கதான் கேக்கவேணும். எங்கட வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் படிப்பிக்கிறாங்க. இப்படியான ஆய்வு இங்கயும் நடக்கவேணும், வாவிக்கரை நோயாளிகளும் அதில் இருக்கவேணும் எண்டு நாங்க கேக்கவேணும்.

அதுவரைக்கும் ஒரு வேலை எங்கட கையில. அம்மம்மாவோ அப்பப்பாவோ, வாய்க்குள்ள ரெண்டு கிழமையாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளைப் படலமோ, சிவப்புத் திட்டோ இருந்தால், வெத்திலைக்கு ஏசிக்கொண்டு நிக்காம வைத்தியரிட்டக் கூட்டிப்போங்க. நேரத்தோட கண்டால் இந்த மருந்து ஒண்டுமே தேவைப்படாமலும் போகலாம்.