வேஷமும் கையொப்பமும்

உப்பளத்தையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் கரை மரக்காணத்துக் கரை. 2023-ம் வருஷம் மே மாதத்தில், அதை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சர்க்கார் மதுக்கடைகள் ஊரெங்கும் திறந்திருக்கும் காலத்திலேயே இது நடந்தது. கடையைத் திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்று வாதித்தவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

இந்தச் சாவுக்கும் சினிமா நட்சத்திரங்களின் யோக்கியதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

1964-ல் வெளிவந்த 'படகோட்டி'யில் ஸ்ரீ எம்.ஜி.ஆர். மீனவராகத் தோன்றினார், மீனவரின் உழைப்பை உறிஞ்சும் செல்வந்தராக ஸ்ரீ எம்.என். நம்பியார் நடித்தார். ஜனங்கள் முன்னவரைக் கொண்டாடினார்கள், பின்னவரைச் சபித்தார்கள். அந்த நம்பியாரோ சொந்த வாழ்க்கையில் மதுவும் மாமிசமும் தொடாதவர். வருஷந்தோறும் பக்தர்களைச் சபரிமலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி. வேஷத்தைக் கொண்டு மனிதனை நிறுக்கும் தராசு இவ்வளவு மோசமானது. ஆகவேதான், பிரமுகரின் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்து, உள்ளே இருக்கும் 'நிஜ' மனிதரைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அதுவும் போதாது என்பதே நமது அபிப்பிராயம்.

எம்.ஜி.ஆர். விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். திரையில் அவர் மதுவை விலக்கியே நடித்தார். 1968-ல் வந்த 'ஒளிவிளக்கு' படத்தில் கதாநாயகன் குடிக்க நேர்ந்தபோதுகூட, அவனுடைய மனச்சாட்சியே பல உருவமெடுத்து முன்னே நின்று இடித்துரைத்தது. வீட்டிலும் அவர் குடியாதவர் என்றே அவரோடு பழகியோர் சொல்வர். வேஷமும் மனிதரும் ஒத்துப்போன அபூர்வமான சந்தர்ப்பம் இது. அதனால் ஜனங்களுக்கு என்ன லாபம்? 1974-ல் திரும்பவும் அமலுக்கு வந்த மதுவிலக்கை 1981-ல் அவருடைய சர்க்காரே கைவிட்டது. 1983-ல் டாஸ்மாக் ஸ்தாபனம் பிறந்தது. 2003-ல், இன்னொரு திரை நட்சத்திரமான செல்வி ஜெயலலிதாவின் ஆட்சியில், சில்லறை வியாபாரமும் அதன் கைக்கு வந்தது. நடிகர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1971-ல் முதன்முதலாக மதுவிலக்கைத் தளர்த்தியவர் ஸ்ரீ கருணாநிதி. (அவரும் சினிமாவுக்கு வசனம் எழுதியவர்தாம் என்பது வேறு விஷயம்.)

1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தின் புண்ணியத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால், பிள்ளைக்குச் சோறு போடும் பொக்கிஷமே தகப்பனுக்குச் சாராயம் விற்று நிரம்புவதை என்னவென்பது? குடியாத கை, குடிக்கு அனுமதி கொடுக்கும் உத்தரவில் கையெழுத்திட்டது. அந்தக் கையின் சுத்தத்தைப் பற்றிப் பாடல்கள் உண்டு. உத்தரவைப் பற்றி யாரும் பாடவில்லை.

1930-ல் வேதாரண்யத்துக் கடற்கரையில் உப்பெடுத்துச் சிறை சென்ற ஸ்ரீ ராஜாஜி, 1937-ல் பிரதம மந்திரியானதும் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமானம் குறையும் என்று தெரிந்தே செய்தார். 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகள் அதை எதிர்த்தார்கள். ஆனாலும், மது வேண்டாமென்றால் பணத்துக்கு வழி என்ன என்ற கேள்விக்கு அவர் பகிரங்கமாக விடை சொன்னார். அவர் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று ஆராய்ந்து அந்த விடையை ஊகிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

திரையிலிருந்து மேடைக்கு வருகிறவர்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தலைவர் காலையில் எந்தக் கோயிலுக்குப் போனார், இரவில் என்ன அருந்தினார் என்று துப்பறியும் தொண்டர்கள், அந்தச் சிரமத்தில் பாதியைச் செலவிட்டு, மதுக்கடைகளை மூடினால் சத்துணவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எந்த வரியிலிருந்து பணம் எடுப்பீர்கள் என்று மேடையிலேயே அவரைக் கேட்கட்டும். அந்தக் கூட்டத்தை மரக்காணத்திலேயே கூட்டினாலும் நன்று. விடையைக் கேட்க உப்பளத்திலிருந்தும் குப்பத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.